பாட்டு போட்டா செடி நல்லா வளருமா? சிதம்பரத்தில் நடந்த வீணை சோதனையும், அதன் பிறகு வந்த ஆய்வுகளும்

காலையில் பால்கனி கதவைத் திறந்ததும் செடிகளுக்குத் தண்ணீர். கூடவே போனில் ஒரு பாட்டு. "பாட்டு கேட்டா செடி நல்லா வளரும்" என்று யாராவது சொல்லி நாம் எல்லோருமே கேட்டிருப்போம். யூடியூபில் தேடினால் செடிகளுக்கான இசை என்று மணிக்கணக்கில் ஓடும் வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இளையராஜா பாட்டுக்கு ரோஜா பூத்தது, குத்துப் பாட்டுக்கு துளசி வாடியது என்று கதைகளுக்கும் பஞ்சமில்லை.

உண்மையிலேயே இதெல்லாம் நடக்குமா?

ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமென்றால், இல்லை. பாட்டு போட்டதால் வீட்டுச் செடி நன்றாக வளர்ந்தது என்பதற்கு நம்பக்கூடிய ஆதாரம் கிடையாது. ஆனா கொஞ்சம் பொறுங்க. செடி ஒலியை உணர்கிறதா என்று கேட்டால், அதற்குப் பதில் 'ஆமாம்'. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் இத்தனை கதைகளும். அந்தக் குழப்பம் உலகம் முழுக்கப் பரவியதில் நம்ம சிதம்பரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

சிதம்பரத்தில் என்ன நடந்தது?

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய அந்த வளாகத்தில் அறிவியல் துறைகளும் இசைக் கல்லூரியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தாவரவியல் ஆசிரியர் நினைத்தால் வீணை வாசிப்பவரை வெளியே தேடிப் போக வேண்டியதில்லை.

1950-களில் அங்கே தாவரவியல் துறைத் தலைவராக இருந்தவர் பேராசிரியர் டி.சி. சிங். ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியை வைத்து அவர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஹைட்ரில்லா ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கை சோதனைக்கு பீக்கருக்குள் கண்ணாடிப் புனலைக் கவிழ்த்து வைப்பார்களே, அந்தப் புனலுக்குள் இருக்கும் செடிதான். அதன் இலை மெல்லியது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்லுக்குள் புரோட்டோபிளாசம் ஓடிக்கொண்டே இருப்பது உயிரோடு தெரியும். அந்த ஓட்டத்தை ஒலி மாற்றுமா என்பதுதான் சிங் கேட்ட முதல் கேள்வி. பக்கத்தில் இசைக்கவையை ஒலிக்கவிட்டால் ஓட்டம் வேகமாகிறது என்று சொன்னார்.

அடுத்தது வீணை. இசைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் காசித்தும்பைச் செடிகளுக்கு தினமும் 25 நிமிடம் கரகரப்பிரியா வாசித்தார். ஐந்தாவது வாரத்திலிருந்து வித்தியாசம் தெரிய ஆரம்பித்ததாம். கடைசியில், வீணை கேட்ட செடிகளில் 72 சதவீதம் அதிக இலைகள், 20 சதவீதம் அதிக உயரம். ஸ்டெல்லா பொன்னையா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து வயலின் சோதனைகளும் நடந்தன. சலங்கை, பாட்டு எதுவும் இல்லாமல் வெறுமனே பரதநாட்டியம் ஆடினாலே சாமந்தி வகைச் செடிகள் சீக்கிரம் பூத்தன என்றுகூட சிங் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. ஒலிபெருக்கி கட்டி நெல் வயல்களுக்கு சாருகேசி ராகம் போட்டார். அப்போதைய சென்னை மாகாணத்திலும் பாண்டிச்சேரியிலும் ஏழு கிராமங்கள். விளைச்சல் 25 முதல் 60 சதவீதம் வரை கூடியது என்பது கணக்கு.

இதெல்லாம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது எப்படி? 1973-ல் பீட்டர் டாம்ப்கின்ஸ், கிறிஸ்டோபர் பேர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதிய 'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பிளான்ட்ஸ்' என்ற புத்தகத்தில் சிங்கின் கதை விரிவாக வந்தது. புத்தகம் சக்கைப்போடு போட்டது. படமாகவும் எடுத்தார்கள். அதற்கு இசை ஸ்டீவி வொண்டர். அதன் பிறகு 'செடிக்கு இசை பிடிக்கும்' என்பது உலகத்துக்கே தெரிந்த 'உண்மை' ஆகிவிட்டது.

60 சதவீதம் அதிக விளைச்சல்... எங்கே இடிக்கிறது?

அந்த நெல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 25 முதல் 60 சதவீதம் அதிகம் என்றால், எதைவிட அதிகம்? அந்த வட்டாரத்தின் சராசரி விளைச்சலைவிட அதிகம். பிரச்சினை இங்கேதான்.

டெல்டாவில் நெல் போடும் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். சிரித்துவிடுவார். வாய்க்காலுக்குப் பக்கத்து வயலும் கடைமடை வயலும் ஒன்றா? ஒரு விஞ்ஞானி வந்து சோதனை நடத்துகிறார் என்றால் எப்படிப்பட்ட வயலைக் கொடுப்பார்கள்? தண்ணீர் பாய்கிற, களை எடுத்த, உரம் போட்ட வயலைத்தானே? அந்த வயல் பாட்டே இல்லாமலும் வட்டாரச் சராசரியைத் தாண்டும். பாட்டுதான் காரணம் என்று சொல்ல வேண்டுமென்றால், அதே மண், அதே விதை, அதே தண்ணீர், அதே விவசாயி இருக்கும் பக்கத்து வயலில் பாட்டு மட்டும் இல்லாமல் பயிர் வைத்திருக்க வேண்டும். ஒன்றல்ல, பல வயல்களில்.

காசித்தும்பைக் கதையும் இப்படித்தான். வீணை வாசிப்பவர் தினமும் வந்து உட்காரும் இடத்தில் இருக்கும் தொட்டிகளை எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள். இலை லேசாகத் தொங்கினால் உடனே கண்ணில் படும், தண்ணீர் கிடைக்கும். வாசிப்பு இல்லாத தொட்டிகள் வேறு இடத்தில். வெயில் படும் கோணம் மாறும், காற்றோட்டம் மாறும். இலையை எண்ணுகிறவருக்கு எது 'பாட்டுச் செடி' என்று முன்கூட்டியே தெரிந்தால், பாதி விரிந்த தளிரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் நொடியில் மனசு ஒரு பக்கம் சாயும். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, மனுஷ புத்தி அப்படித்தான். ஹைட்ரில்லா செல்லுக்குள் நடக்கும் ஓட்டமும் அப்படி ஒரு தொட்டாச்சிணுங்கி விவகாரம்தான். வெளிச்சம் மாறினாலும், லேசாகச் சூடு ஏறினாலும் அதன் வேகம் மாறிவிடும்.

இன்னொரு விஷயம். இசையும் நடனமும் செடிகளை என்ன செய்கின்றன என்று சிங் எழுதிய கட்டுரை 1962-63-ல் பீகாரில் ஒரு வேளாண்மைக் கல்லூரியின் பத்திரிகையில் வந்தது. மற்ற விஞ்ஞானிகள் கேள்வி கேட்டு, குடைந்து, அதன் பிறகே அச்சேறும் ஆய்விதழில் அல்ல.

யாருமே திரும்பச் செய்து பார்க்கவில்லையா? பார்த்தார்கள். நியூயார்க் தாவரவியல் பூங்காவின் ரிச்சர்ட் கிளைனும் பமீலா எட்சலும் இப்படி வந்துகொண்டிருந்த செய்திகளைப் பார்த்துவிட்டு, செண்டுமல்லிச் செடிகளுக்கு தேவாலயப் பாடல், மொசார்ட், ஜாஸ், பீட்டில்ஸ் என்று விதவிதமாகப் போட்டுப் பார்த்தார்கள். வெப்பம், வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்தார்கள். முடிவு 1965-ல் 'பயோசயின்ஸ்' இதழில் வந்தது. எந்த இசைக்கும் வளர்ச்சியில் வித்தியாசமே இல்லை. அந்தக் கட்டுரையில் ஒரு குசும்பும் உண்டு. கவர்ச்சி நடனத்துக்குப் பேர்போன ஒரு மெட்டைப் போட்டும் செடி இலையை உதிர்க்கவில்லை, பீட்டில்ஸ் போட்டும் தண்டு ஆடவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஆனால் ஜோக்கோடு வந்த மறுப்பை யார் படித்தார்கள்? ஊரெல்லாம் பரவியது வீணைக் கதைதான்.

ராக் இசை கேட்டு செடி செத்ததா?

'மெல்லிசைக்கு வளரும், ராக் இசைக்குச் சாகும்' என்ற கதை தனி. அது அமெரிக்காவின் டென்வரில் டோரதி ரெட்டலாக் என்பவரிடமிருந்து வந்தது. பாடகியான அவர் பெரிய வயதில் கல்லூரியில் சேர்ந்து படித்தபோது செய்த சோதனைகள் அவை. ராக் போட்டால் செடிகள் ஸ்பீக்கரை விட்டு விலகிச் சாய்ந்தன, ரவிசங்கரின் சிதார் போட்டால் ஸ்பீக்கரைக் கட்டிப்பிடிக்கப் போவது போலச் சாய்ந்தன என்று 1973-ல் புத்தகம் எழுதினார். சிதார் ஜெயித்தது என்றதும் நம்ம ஊரில் இந்தக் கதைக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லவா வேண்டும்!

சோதனைப் பெட்டிக்குள் இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய செடிகள். செடி ஒரு பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் வெளிச்சம் என்பது ஜன்னலோரம் தொட்டி வைத்த எல்லோருக்கும் தெரியும். 2004-ல் 'மித்பஸ்டர்ஸ்' டிவி நிகழ்ச்சியில் இதையே வேறு விதமாகச் செய்து பார்த்தபோது நன்றாக வளர்ந்தது எது தெரியுமா? டெத் மெட்டல், அதாவது காது கிழியும் ராக் கேட்ட செடிகள். ரெட்டலாக் சொன்னதற்கு நேர் எதிர். கையளவு செடிகளை வைத்துச் சோதனை செய்தால் இப்படித்தான், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் ஜெயிப்பார்.

இங்கிலாந்தில் 2009-ல் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி பத்து பேரின் குரலைப் பதிவு செய்து தக்காளிச் செடிகளுக்குப் போட்டது. பெண்களின் குரல் கேட்ட செடிகள் சராசரியாக ஓர் அங்குலம் கூடுதலாக வளர்ந்தன என்று செய்தி வந்தது. முதலிடம் பிடித்த குரல் சாரா டார்வினுடையது. சார்லஸ் டார்வினின் வம்சம். அவர் வாசித்ததும் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்திலிருந்துதான். பத்திரிகைகளுக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்குமா? ஆனால் ஒரே விதைப் பாக்கெட்டில் வந்த பத்துச் செடிகளில் ஒன்று மற்றதைவிட ஓர் அங்குலம் உயர்ந்து நிற்பது, யாருமே பேசாத தோட்டத்திலும் நடக்கும்.

டார்வின் பெயர் வந்ததால் ஒன்று சொல்லியாக வேண்டும். 'செடிக்குக் காது இருக்கா?' என்று அந்தத் தாத்தாவுக்கும் சந்தேகம் வந்தது. மேஜை அதிர்ந்தாலே பயோஃபைட்டம் என்ற செடியின் நாற்று அசைவதைப் பார்த்தார். கேரளாவில் முக்குற்றி என்பார்களே, அந்த இனம். அதிர்வை உணர்வது ஒலியையும் உணருமோ என்று யோசித்து, மகன் ஃபிரான்சிஸைக் கூப்பிட்டுச் செடிக்குப் பக்கத்தில் பசூன் என்ற குழல் கருவியை வாசிக்கச் சொன்னார். இப்படிப்பட்டவற்றுக்கு அவர் வைத்திருந்த பெயரே 'முட்டாள் சோதனைகள்'. செய்து பார்க்காமல் விடவும் மாட்டார், அதைப் பெரிதாக ஊதவும் மாட்டார்.

ஸ்பீக்கர் சூடு செய்த வேலை

எவ்வளவு சின்ன விஷயம் ஒரு சோதனையைக் கவிழ்த்துவிடும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. மக்காச்சோள விதைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு மொசார்ட், ஒன்றுக்கு 'மீட் லோஃப்' என்ற ராக் பாடகரின் பாட்டு, இன்னொன்றுக்கு அமைதி. பாட்டு கேட்ட இரண்டு கூட்டமுமே அமைதியில் இருந்ததைவிடச் சீக்கிரம் முளைத்தன. மொசார்ட்டா ராக்கா என்பதில் வித்தியாசம் இல்லை. ஆஹா, அப்போ இசை வேலை செய்கிறது!

இல்லை. ஸ்பீக்கர் ஓடும்போது கொஞ்சம் சூடாகும். விதை முளைக்க வெதுவெதுப்பு உதவும் என்பது பயறு ஊறவைத்து முளைகட்டும் எந்த வீட்டுக்கும் தெரிந்த சங்கதி. சின்ன ஃபேன் வைத்து அந்தச் சூட்டைக் கலைத்துவிட்டு மறுபடி செய்தார்கள். மூன்று கூட்டமும் ஒரே வேகத்தில் முளைத்தன. தாவரவியலாளர் பீட்டர் ஸ்காட் தன் பாடநூலில் இதை எடுத்துச் சொல்கிறார். ஃபேன் வைக்காமல் முதல் சோதனையோடு நிறுத்தியிருந்தால், இன்னொரு 'இசை அதிசயம்' ஊரெல்லாம் சுற்றியிருக்கும்.

அப்போ செடிக்கு ஒண்ணுமே கேட்காதா?

கேட்கும். காதால் அல்ல, உடம்பால். ஒலி என்பது காற்றின் அதிர்வு. அந்த அதிர்வு இலையையும் இதழையும் லேசாக ஆட்டும். அந்த ஆட்டத்தைச் செல்கள் உணரும். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் வந்த நல்ல ஆய்வுகள் எல்லாம் மொசார்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, செடியின் வாழ்க்கையில் உண்மையாகவே வரும் ஒலி எது என்று கேட்டவை.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஹைடி ஆப்பெல், ரெக்ஸ் காக்ராஃப்ட் இருவரும் 2014-ல் வெளியிட்டது இவற்றில் முக்கியமானது. முட்டைக்கோஸ் புழு இலையைக் கடித்து மெல்லும்போது இலையில் ஏற்படும் அதிர்வைப் பதிவு செய்தார்கள். பிறகு புழுவே இல்லாத செடியின் இலையில் ஒரு குட்டிக் கருவியைப் பொருத்தி, அந்த அதிர்வை மட்டும் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். செடி, கடுகு குடும்பத்து அரபிடாப்சிஸ். பிறகு நிஜப் புழுவை விட்டபோது, அதிர்வை முன்பே உணர்ந்த செடிகள் மற்றவற்றைவிட அதிகமாகக் காரமான தற்காப்பு ரசாயனங்களைச் சுரந்தன. கடுகுக்குக் காரம் கொடுக்கும் அதே வகைப் பொருட்கள். காற்றில் இலை ஆடும் அதிர்வைக் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. வேறொரு பூச்சியின் பாட்டைக் கொடுத்தபோதும் நடக்கவில்லை. எது எதிரி, எது காற்று என்று செடி பிரித்துப் பார்க்கிறது!

இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் பூக்களை வைத்துச் செய்தார்கள். ஈவினிங் பிரிம்ரோஸ் என்ற மஞ்சள் பூ. தேனீ பறக்கும் ரீங்காரத்தைப் போட்டதும் மூன்றே நிமிடத்தில் பூந்தேனின் இனிப்பு கூடியது. 12 முதல் 17 சதவீதமாக இருந்த சர்க்கரை 20 சதவீதத்துக்குப் போனது. தேனீக்குச் சம்பந்தமில்லாத கீச்சென்ற உயர் ஒலிக்கு அசையவே இல்லை. பூவைக் கண்ணாடிக் குடுவையால் மூடி வைத்தபோதும் மாற்றமில்லை. அப்படியென்றால் காது வேலை பார்ப்பது கிண்ணம் போல விரிந்த இதழ்கள்தான். 2019-ல் வந்த ஆய்வு இது.

ஆஸ்திரேலியாவில் மோனிகா காக்லியானோ பட்டாணி வேர்களை இரண்டு கிளையாகப் பிரியும் தொட்டிகளில் வளர்த்தார். ஒரு கிளைக்கு அடியில் மூடிய குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும், ஈரம் துளிகூட வராது. வேர்கள் அந்தப் பக்கம் போயின. ஆனால் நிஜ ஈரம் இருக்கும் மண்ணைக் கொடுத்தால், வேர் சத்தத்தை விட்டுவிட்டு ஈரத்தைத் தேடிப் போனது. விவரமான வேர்தான்.

கவனித்தீர்களா? புழு, தேனீ, தண்ணீர். மூன்றுமே செடியின் உயிர்ப் பிரச்சினைகள். கோடிக்கணக்கான வருடங்களாக அதைச் சுற்றி இருக்கும் ஒலிகள். கரகரப்பிரியா அந்தப் பட்டியலில் வரக் காரணமே இல்லை, மொசார்ட்டும்தான். பாட்டில் இருக்கும் சோகம், சந்தோஷம், தாளம் எல்லாம் நம்ம காதுக்கும் மனசுக்கும் மட்டுமே அர்த்தம் உள்ளவை.

நெல்லிலும் கொஞ்சம் வேலை நடந்திருக்கிறது. தென்கொரிய விஞ்ஞானிகள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 125, 250 ஹெர்ட்ஸ் ஒலிக்கு நெல்லின் இரண்டு மரபணுக்களின் செயல்பாடு கூடியது, 50 ஹெர்ட்ஸுக்குக் குறைந்தது. சுவாரசியம்தான். ஆனா மரபணு கொஞ்ச நேரம் விழித்துக்கொள்வதும், மூட்டை மூட்டையாக நெல் கூடுவதும் ஒன்றல்ல. இதைக் காட்டி யாராவது வயலுக்கு ஒலிக்கருவி விற்க வந்தால், பர்ஸைத் திறக்கும் முன், 'பக்கத்து வயலில் இந்தக் கருவி இல்லாமல் எவ்வளவு விளைந்தது?' என்று கேளுங்கள். சிதம்பரம் சோதனை தவறவிட்ட கேள்வி அதுதான்.

அதிர்வால் செடி உயரமாக வளரும் என்ற எண்ணமே சந்தேகத்துக்குரியது. பெரும்பாலும் நடப்பது நேர் எதிர். தினமும் தொட்டு, தடவி, ஆட்டிவிடப்படும் செடிகள் குட்டையாக, தண்டு தடித்து வளரும். மொட்டைமாடியில் காற்று வாங்கும் தக்காளி குட்டையாக உறுதியாக நிற்கும், வீட்டுக்குள் வளர்த்த நாற்று ஒல்லியாக நெட்டையாகச் சாயும், பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் கோதுமை, பார்லி நாற்றுகளைக் குளிர்காலத்தில் காலால் மிதித்துவிடும் பழக்கமே உண்டு. அங்கே அதற்கு 'முகிஃபுமி' என்று பெயர். மிதிபட்ட பயிர் சாயாமல் நிற்கும் என்பது அவர்கள் அனுபவம்.

செடி அழுகிறது என்று ஒரு செய்தி வந்ததே?

அதுவும் டெல் அவிவ்தான், 2023. தண்ணீர் இல்லாமல் வாடும் தக்காளி, புகையிலைச் செடிகள் மணிக்கு 30 முதல் 50 தடவை 'டிக்' என்ற ஒலியை எழுப்புகின்றன. நல்லா இருக்கும் செடி சராசரியாக மணிக்கு ஒரு தடவைக்கும் குறைவு. மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண். தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களில் காற்றுக் குமிழி உண்டாகி உடைவதால் வரும் சத்தமாக இருக்கலாம் என்கிறார்கள். அழுகை இல்லை. முழங்காலைச் சொடுக்கினால் 'டக்' என்கிறதே, முழங்கால் அழுகிறது என்றா சொல்வோம்? ஆனால் அந்த ஒலியை மைக்கில் பிடித்து எந்தப் பாத்திக்குத் தண்ணீர் வேண்டும் என்று கண்டுபிடிக்க முடிந்தால், விவசாயத்துக்கு உருப்படியான பயன் அதில் இருக்கிறது.

மாடித் தோட்டக்காரர்களுக்குப் பரிச்சயமான டிரைக்கோடெர்மாவைப் பற்றியும் ஒரு தகவல். தொழு உரத்தில் கலந்து போடுகிறோமே, அந்த நல்ல பூஞ்சைதான். 2024-ல் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தினர் இந்த இனத்துப் பூஞ்சை ஒன்றுக்கு தினமும் 30 நிமிடம், ஐந்து நாள், 80 டெசிபல் அளவில் இரைச்சலைப் போட்டார்கள். டிவியில் சேனல் வராதபோது 'உஸ்ஸ்' என்று வருமே, அது போன்ற ஒலி. பூஞ்சை அதிகமாக வளர்ந்தது. ஆய்வகத் தட்டில் நடந்தது இது, உங்கள் தொட்டி மண்ணில் அல்ல. ஆனாலும் பாருங்கள், வேலை செய்தது இசையே அல்லாத வெறும் இரைச்சல்!

எங்க வீட்டில் வளர்ந்துச்சே, அது எப்படி?

வளர்ந்திருக்கும், சந்தேகமே இல்லை. மணி பிளான்ட்டுக்கு தினமும் பாட்டு போடுகிறவர் தினமும் அதன் முகத்தில் விழிக்கிறார். காய்ந்த இலையைக் கிள்ளுகிறார், மாவுப்பூச்சியை ஆரம்பத்திலேயே பார்த்துவிடுகிறார், இருட்டு மூலையில் இருந்த தொட்டியை ஸ்பீக்கர் இருக்கும் ஹாலுக்கு, வெளிச்சத்துக்கு மாற்றுகிறார். பாட்டை நிறுத்திவிட்டு இதையெல்லாம் செய்தாலும் செடி வளரும். பாட்டை மட்டும் போட்டுவிட்டு இதையெல்லாம் விட்டுவிட்டால், வாடும். 'செடியிடம் பேசினால் மூச்சுக்காற்றில் கரியமில வாயு கிடைக்கும்' என்றும் சிலர் சொல்வார்கள். ஃபேன் ஓடும் ஹாலில் அந்த மூச்சு சில நொடிகளில் கலைந்து போய்விடும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் நீங்களே செய்து பாருங்கள், பெரிய செலவில்லை. 20 டீ கப், ஒரே மண், ஒரே பாக்கெட் வெந்தயம். எந்த கப் எந்த அறைக்கு என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள், 'இது நல்லா இருக்கு' என்று பார்த்துப் பார்த்துப் பிரிக்காதீர்கள். இரண்டு அறையிலும் ஸ்பீக்கர் ஓட வேண்டும், ஒன்றில் மட்டும் ஒலி. தண்ணீரை மருந்து மூடியால் அளந்து ஊற்றுங்கள். ஐந்து நாளுக்குப் பிறகு பாட்டையும் கப்புகளையும் சேர்த்து அறை மாற்றுங்கள். கடைசியில் அளப்பவர், எந்த கப் பாட்டு கேட்டது என்று தெரியாத ஆளாக இருக்கட்டும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வது என்று முழிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், எரிமலை மாடலுக்கு இது எவ்வளவோ தேவலை.

ஒலி நிஜமாவே பலன் தரும் ஓர் இடம்

இவ்வளவு சொல்லிவிட்டு, பால்கனியில் தக்காளி, கத்தரி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி. இந்தப் பூக்களின் மகரந்தம் வெளியே பொடியாக ஒட்டியிருக்காது. உப்பு டப்பா மாதிரி, நுனி திறந்த ஒரு சின்னக் குழலுக்குள் இருக்கும். குலுக்கினால்தான் கொட்டும். வயலில் அந்த வேலையைச் செய்வது கருவண்டு மாதிரி பெரிய தேனீக்கள். பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமலேயே உடம்பை 'ஙொய்' என்று அதிர வைக்கும். மகரந்தம் பொலபொலவென்று கொட்டும்.

பத்தாவது மாடி பால்கனிக்குக் கருவண்டு எங்கே வரும்? காற்றும் சரியாக அடிக்காத இடம் என்றால், பூ பூத்து அப்படியே உதிரும். அதற்குத்தான் பேட்டரியில் ஓடும் டூத் பிரஷ். வெயில் ஏறி மகரந்தம் காய்ந்திருக்கும் காலை நேரத்தில், பூங்கொத்தின் காம்பில், பூவுக்குக் கொஞ்சம் பின்னால், இரண்டு மூன்று நொடி வைத்து எடுங்கள். பூவுக்குக் கீழே ஒரு கறுப்புக் காகிதத்தைப் பிடித்தால் மஞ்சள் பொடி விழுவது கண்ணுக்கே தெரியும். மறுநாளும் ஒரு தடவை செய்துவிடுங்கள். ஒரு வாரத்தில் பூவின் அடியில் பச்சையாக ஒரு குட்டி உருண்டை வீங்க ஆரம்பித்தால், காய் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.